முன் பிறேக்கிலை கை வைக்காதேங்கோ

நில்லுங்கோ தம்பி, நில்லுங்கோ! உதாலை இறக்காதேங்கோ. மோட்டச்சைக்கிளை ஸ்ராண்டிலை விட்டிட்டு இஞ்சாலை வாங்கோ. அவசரப்பட்டு ஒண்டும் ஆகப்போறேல்லை. பாதை அந்தக் கரையிலையெல்லோ நிக்குது. பாதை ஓட்டிற கனகலிங்கம் அங்கை எஞ்சினோடை மல்லுக்கட்டிக்கொண்டு நிக்கிறான். முதல் கெஞ்சுவான், பிறகு பேசுவான், பிறகு காலாலை உதைப்பான், அதுக்குப் பிறகுதான் அது ஸ்ராட் ஆகும். அரை மணித்தியாலம் செல்லும்.

எவ்விடம் நீங்கள்? வவுனியாவோ. அதுதான் பாதை எண்டு நான் சொல்ல நீங்கள் றோட்டைப் பாக்கிறீங்கள். எங்கடை பக்கத்திலை பாதை எண்டால் அந்தா மிதக்குதே, அந்த இரும்புத் தட்டு. இருவது மோட்டச்சைக்கிள், அம்பது சனம், ரெண்டு ஆடு, எல்லாத்தையும் ஒண்டா ஏத்திக்கொண்டு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடும். இந்தப் பக்கம் கடல்காரர், அந்தப் பக்கம் தோட்டக்காரர். மீன் இங்கை கிடக்கு, திண்ணிற வாய் அங்கை கிடக்கு. நடுவிலை நான். மனுவேற்பிள்ளை எண்டு பேர். மீன் யாவாரி மனுவல் எண்டு கேட்டால் நாய்க்கும் தெரியும்.

இப்ப இந்த இறக்கத்தைப் பாருங்கோ. சீமெந்து. பாத்தால் சாதுவாக் கிடக்கு என்ன? ஆளை விழுத்தும். நான் சொல்லுறதை வடிவாக் கேளுங்கோ. மேலை வைச்சே முதல் கியருக்கு வந்திட வேணும். பிறகு கிளச்சைப் பிடிக்கக் கூடாது, எஞ்சின் தன்ரை பாட்டிலை பிடிச்சுக்கொண்டு இறங்கும். பின் பிறேக்கை மெல்லத் தொடலாம், சுடு தேத்தண்ணிக் கோப்பையைத் தொடுற மாதிரி. முன் பிறேக்கிலை மட்டும் கை வைக்காதேங்கோ. வைச்சால் முன் ரயர் அப்பிடியே படுத்திடும், நீங்கள் அதுக்கு மேலாலை கடலுக்குப் போவீங்கள். கீழை ஒரு இரும்புத் தகடு தெரியுதோ? பாதை வந்து அதிலைதான் முட்டும். அதிலை ஏறேக்கை நேர ஏற வேணும். கலியாண மண்டபத்துக்குள்ளை மாப்பிளை போற மாதிரி. அங்கை இங்கை பாக்கப்படாது.

நான் இருவத்திரண்டு வருஷமா நாளாந்தம் இறங்கிறன். என்ரை எம்.டி. நைன்ரி மோட்டச்சைக்கிள், பின்னாலை மீன் பெட்டி. மனுவல் ஒருநாள், ஒரேயொரு நாள் இதிலை விழுந்தவன் எண்டு ஆரும் சொல்லட்டும் பாப்பம். சொல்ல ஏலாது. நான்தான் எப்பவும் முதல் ஆளா இறங்கிறது. மீன் பழுதாப்போயிடும் எண்டு சனமும் வழி விடும். நான் இறங்கி, பாதையிலை ஏறி, ஸ்ராண்டைப் போட்டிட்டுத் திரும்பிப் பாத்தால், எனக்குப் பின்னாலை வாறவங்கள் ஒவ்வொருத்தனா விழுந்துகொண்டிருப்பாங்கள்.

போன மாரியிலை, கார்த்திகை மாசத்திலை மட்டும் பதினொரு பேர் தம்பி. பள்ளிக்கூடத்து அதிபர் விழுந்தார், அவற்றை பள்ளிக்கூடக் கோவை, கடுதாசி எல்லாம் கடலிலை மிதந்துது, பத்தாம் வகுப்புக்காரர் கரையிலை நிண்டு கைதட்டினவங்கள். எங்கடை பங்குச் சுவாமி வெள்ளை அங்கியோடை விழுந்தார். விழேக்கை அவர் சொன்ன சொல்லு பூசைப் புத்தகத்திலை இல்லை. நானும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனநேரம் அதைப் பற்றிக் கேக்கேல்லை. இன்சூரன்ஸ் பாக்க வந்த பொலிஸ்காரர் விழுந்தார். விழுந்த இடத்திலை இருந்தபடியே எனக்குப் பின்னாலை நிண்டவனிட்டை லைசென்சைக் கேட்டார். அதுதான் கடமை உணர்ச்சி.

ஒவ்வொருத்தரும் விழுந்ததுக்குக் காரணம் எனக்குத் தெரியும். அதிபருக்கு ரயர் தேஞ்சு போச்சு. சுவாமி செபம் சொல்லிக்கொண்டு இறங்கினவர், நினைப்பு மேலை, சில்லு கீழை. பொலிஸுக்குப் பெருமை. சனத்துக்கு ஓடத் தெரியாது தம்பி, அதுதான் உண்மை. வாங்கத் தெரியுது, ஓடத் தெரியேல்லை.

நான் பொதுநலம் பாக்கிற ஆள். சொல்லுறனே, அஞ்சு வருஷத்துக்கு முன்னம் ஒரு ரீச்சர் பாதையிலை வைச்சு என்னோடை சண்டைக்கு வந்தவ. என்ரை பெட்டியிலையிருந்து ஐஸ் தண்ணி வடிஞ்சு அவவின்ரை சீலையிலை பட்டிட்டுதாம். நியாயம்தானே. அண்டையிலையிருந்து பாதைக்குள்ளை ஒரு சொட்டுத் தண்ணி நான் விட்டதில்லை. உந்த இறக்கத்துக்கு மேலை நிண்டு, பெட்டிக்குக் கீழை இருக்கிற தக்கையைக் கழட்டி, முழுக்க வடிய விட்டிட்டுத்தான் இறங்குவன். சூடை மீன் நாளெண்டால் தண்ணி கொஞ்சம் எண்ணெய்ப் பிடிப்பா இருக்கும், வேறை ஒண்டுமில்லை. அது தன்ரை பாட்டிலை இறக்கத்தாலை ஓடிக் கடலுக்குப் போயிடும். கடலிலையிருந்து வந்த தண்ணி, கடலுக்கே போகுது. ஆருக்கு என்ன கரைச்சல்? அந்த ரீச்சர் எனக்கு நன்றி சொன்னவ. அடுத்த கிழமை அவவும் விழுந்தவ, பாவம். அவவின்ரை செருப்புச் சரியில்லை.

ஏன் சிரிக்கிறீங்கள்?

சரி, சிரியுங்கோ. நான் சொல்ல வந்தது கலாரூபி மிஸியின்ரை கதை. எங்கடை மிட்வைவ். வயசு நாப்பது இருக்கும், சின்ன உருவம். கத்தரிப்பூ நிறத்திலை ஒரு ஸ்கூட்டி. இந்தக் கரையிலை வீடு, அந்தக் கரையிலை வேலை. அங்கை அஞ்சு கிராமத்துக்கும் அவ ஒராள்தான். ஆர் கர்ப்பம், ஆருக்கு எத்தினையாம் மாசம், எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி, எல்லாம் மனப்பாடம். ஒரு பையிலை பிரஷர் பாக்கிற மெசின். இன்னொரு பையிலை பிள்ளை நிறுக்கிற தராசு, கொளுவித் தூக்கிற தராசு, என்ரை மீன் தராசு மாதிரித்தான். ஒருநாள் பகிடிக்குக் கேட்டன், "மிஸி, தராசை மாத்திப் பிடிப்பமே?" எண்டு. "என்ரை தராசு களவு செய்யாது மனுவல் அண்ணை," எண்டவ. பாதை முழுக்கச் சிரிச்சுது. வாய்க்காரி.

கார்த்திகையிலை ஒரு செவ்வாய்க்கிழமை. விடிய ஆறரை மணி, தூறல். அண்டைக்கு எனக்கு நல்ல சூடை, பெட்டி நிறைய. நான் முன்னுக்கு நிக்கிறன். மிஸி ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு எனக்குக் கிட்ட வந்தவ.

"மனுவல் அண்ணை, உங்களுக்கு அடுத்ததா என்னை விடுங்கோ. பராசக்தி அக்கான்ரை மகள் நிலாயினிக்குக் கால் முகமெல்லாம் வீங்கிக் கிடக்காம். நேரத்தோடை போய்ப் பிரஷர் பாக்க வேணும்."

"அதுக்கென்ன மிஸி, வாங்கோ," எண்டு சொல்லிப் பின்னாலை நிண்ட எல்லாரையும் நானே தள்ளி நிக்கச் சொன்னன். பராசக்தி அக்கா என்ரை வாடிக்கை. புதனும் சனியும் அவவின்ரை வாசல் படலையிலை ஹோர்ன் அடிச்சால் சட்டியோடை வருவா. மகள் நிலாயினிக்கு அது தலைப்பிள்ளை, ஏழு மாசம் முடிஞ்சு கொஞ்ச நாள்.

நான் தண்ணியை வடிய விட்டிட்டு இறங்கினன். ஏறினன். ஸ்ராண்டைப் போட்டன். திரும்பினன்.

அந்தச் சத்தம் இருக்கே தம்பி. ஸ்கூட்டி சீமெந்திலை உரசி வாற சத்தம். ஆள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். வண்டி நேர கடலுக்கை. மிஸி இறக்கம் முழுக்கச் சறுக்கி வந்து, தகட்டிலை தோள்மூட்டு அடிபட்டு நிண்டா. "பை, பை," எண்டா. அவ்வளவுதான்.

நான் குதிச்சன். சாறத்தோடை குதிச்சன். நெஞ்சளவு தண்ணி, மாரிக் குளிர், அடியிலை ஊரிச் சிப்பி. காலாலை தடவித் தடவி முதல் தராசை எடுத்தன், பிறகு மற்றப் பையை எடுத்தன், பிறகு கனகலிங்கமும் வேறை ரெண்டு பேரும் வந்து ஸ்கூட்டியை இழுத்தவங்கள். தராசைக் கொண்டுபோய் மிஸியின்ரை மடியிலை வைச்சன். மிஸி அதைப் பாக்கேல்லை. தன்ரை உள்ளங்கையை மணந்து பாத்தா.

"மீன் நாத்தம்," எண்டா.

"கடற்கரையிலை வேறை என்ன மணக்கும் மிஸி? சந்தனமோ?" எண்டன்.

காறை எலும்பு முறிஞ்சு போச்சு. ஓட்டோ பிடிச்சு நானும் கனகலிங்கமும் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனம். என்ரை சூடை முழுக்க அண்டைக்குப் பழுது. அதை ஆரும் கேக்கேல்லை.

அண்டைக்கு நிலாயினியின்ரை பிரஷரை ஒருத்தரும் பாக்கேல்லை. பாக்க ஆள் இல்லை. வியாழக்கிழமை விடியப் பெட்டைக்கு வலிப்பு வந்திட்டுது. லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியிலை மெத்தையைப் போட்டுக் கொண்டு ஓடினவை. ஆசுப்பத்திரியிலை வெட்டித்தான் பிள்ளையை எடுத்தது. பொம்பிளைப் பிள்ளை, ஒண்டரைக் கிலோ கூட இல்லை. என்ரை தராசிலை ஒரு விளைமீன் அதைவிடக் கூட நிக்கும். தாய்க்காரி நாலு நாள் கண் முழிக்கேல்லை. பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைச்சிருந்தவை.

அடுத்த புதன்கிழமை நான் வழமை போலப் போய் ஹோர்ன் அடிச்சன். பராசக்தி அக்கா வந்தா, சட்டி இல்லை. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகத் துணி எடுக்க வந்தவவாம். படலையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னா, "மனுவல், மிஸி அண்டைக்கு வந்திருந்தால் என்ரை பிள்ளையை முதலே ஆசுப்பத்திரிக்கு ஏத்தியிருப்பா. அந்தப் பாழ்பட்ட இறக்கத்தை அப்பிடி வைச்சிருக்கிறவன் ஆரெண்டு தெரிஞ்சால், நான் அவன்ரை வாசல்லை போய் நிண்டு மண் அள்ளித் தூத்துவன்."

"பிரதேச சபைதான் அக்கா," எண்டன் நான். "சபைக்காரர்தான் பொறுப்பு. நான் விடமாட்டன்."

விடவுமில்லை! அண்டைக்குப் பின்னேரமே கடுதாசியும் பேனையும் வாங்கினன். "மேற்படி இறக்கத்தைப் பராமரியாமல் விட்டதன் காரணமாக" எண்டு துவங்கி ரெண்டு பக்கம் எழுதினன். நான் எட்டாம் வகுப்பு, ஆனால் கோவம் வந்தால் எனக்கு நல்ல தமிழ் வரும். வீடு வீடாப் போய் அறுவத்தி நாலு கையெழுத்து. சுவாமி முதலாவதா வைச்சவர். தகரம் ஒண்டிலை நானே சிவப்பு மையாலை எழுதினன்: கவனம், வழுக்கும், முன் பிறேக் பிடியாதே. அந்தா, அந்தப் பனையிலை கிடக்கிறது என்ரை எழுத்துத்தான். மண் அள்ளிக் கொண்டுவந்து போட்டன். மழை கழுவிச்சுது, திரும்பப் போட்டன். சனம் என்னைப் பாதுகாப்புத் தலைவர் எண்டு சொல்லத் துவங்கிச்சுது. கனகலிங்கம் மட்டும் சொல்லேல்லை. அவன் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டான். அவன்ரை முகமே அப்பிடித்தான்.

மூண்டு கிழமையாலை சபையிலையிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தார். இளம் ஆள், சப்பாத்து, கையிலை ஒரு அளவு நாடா. வந்தது காலமை பத்து மணிக்கு. நல்ல வெய்யில், இறக்கம் காஞ்சு போய்க் கிடக்கு. மேலையும் கீழையும் ரெண்டு தரம் நடந்தார், ஒருக்கால் துள்ளியும் பாத்தார்.

"ஐயா, இதிலை என்ன பிழை? சீமெந்துக்கு வரி கீறி, கணக்கான சரிவிலைதானே போட்டிருக்குது?"

"பத்து மணிக்கு வந்தால் என்னெண்டு தெரியும்? விடிய ஆறரைக்கு வந்து பாரும்! பத்து மணிக்கு ஆர் விழுறது?" எண்டு எல்லாருக்கும் முன்னாலை நல்லாக் குடுத்தன். சனம் ஓம் ஓம் எண்டுது. அண்டைக்கு எனக்கு இருந்த மதிப்பு!

வந்தார் தம்பி. அடுத்தநாள் ஆறே கால் மணிக்குத் தன்ரை மோட்டச்சைக்கிளிலையே வந்திட்டார். "நானும் ஒருக்கால் இறங்கிப் பாக்கிறன், நீங்கள் முன்னுக்குப் போங்கோ," எண்டார். எனக்குச் சந்தோசம். வழமை போலத் தக்கையைக் கழட்டினன். அண்டைக்கும் சூடைதான். வடிய விட்டன், இறங்கினன், ஏறினன், திரும்பினன்.

உத்தியோகத்தர் முழங்காலிலை நிக்கிறார். வண்டி பக்கத்திலை படுத்துக் கிடக்கு.

நான் கத்தினன், "பாத்தீங்களோ! பாத்தீங்களோ! நான் சொன்னனானெல்லோ!" எண்டு.

அவர் எழும்பினார். காற்சட்டையிலை, முழங்காலடியிலை ஒட்டியிருந்த ஒண்டை நகத்தாலை உரிச்சு எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தார். செதில். மீன் செதில்.

"ஐயா," எண்டார், மரியாதையா, "இது சபை போட்ட செதில் இல்லை."

எல்லாற்றை கண்ணும் என்ரை பெட்டியிலை. பெட்டி அப்பவும் சொட்டுச் சொட்டா வடிஞ்சுகொண்டு நிக்குது, கோதாரியிலை போனது. சுவாமி என்னைப் பாத்தார், அதிபர் என்னைப் பாத்தார். அந்த ரீச்சர் தன்ரை செருப்பைப் பாத்தா. கனகலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான், "நான் அஞ்சு வருஷமாச் சொல்லுறன் அண்ணை, தண்ணியைப் பாத்து ஊத்துங்கோ எண்டு."

சொன்னவன்தான். அவன் என்ரை காலிலை படப்போகுது எண்டு சொல்லுறான் எண்டெல்லோ நான் நினைச்சனான்!

எவ்வளவு அவமானம் தம்பி. ஊருக்கு நல்லது செய்ய வெளிக்கிட்ட மனுசனை ஒரு செதிலை வைச்சு விழுத்திப்போட்டாங்கள். அண்டையிலையிருந்து நான் பாதையிலை ஏறேல்லை. சுத்து வழியாலை, இருவத்தெட்டு மைல், பாலத்தாலை போனன். போய்ச் சேர ஐஸ் எல்லாம் கரைஞ்சு மீன் குளிச்சு முடிச்ச மாதிரிக் கிடந்துது. மூண்டு நாள் போனன். நாலாம் நாள் என்ரை மனுசி யசிந்தா படலைக்குக் குறுக்காலை நிண்டா.

"எங்கை போறியள்?"

"பாலத்தாலை போறன். மானம் உள்ளவன் அந்த இறக்கத்தாலை போகமாட்டான்."

"இஞ்சாருங்கோ. நீங்கள் அந்தப் பெட்டியை முத்தத்திலை கழுவி ஊத்தினால், ரெண்டு நாளைக்கு நான் அந்தப் பக்கத்தாலை நடக்கிறேல்லை. போன வருஷம் விழுந்து நாரிப்பிடிப்போடை கிடந்தனான். நீங்கள்தான் எண்ணெய் போட்டு விட்டனீங்கள். உங்களுக்குத் தெரியாதோ?"

நான் மோட்டச்சைக்கிளை ஸ்ராண்டிலை விட்டன்.

"மானத்தைக் கொண்டுபோய் மிஸி வீட்டிலை வையுங்கோ," எண்டா.

சரி எண்டு, நல்ல பாரை மீன் ஒண்டு எடுத்துக்கொண்டு போனன். மிஸி கதிரையிலை இருந்தா, கையைத் துணியாலை கழுத்திலை கட்டியிருந்துது. புருஷன்காரர் தேத்தண்ணி தந்திட்டு உள்ளை போயிட்டார். நான் துவங்கினன். கையெழுத்து எடுத்த கதை, தகரம் எழுதின கதை, மண் போட்ட கதை, உத்தியோகத்தரின்ரை திமிர், கனகலிங்கத்தின்ரை நன்றிகெட்ட தனம், எல்லாம் சொன்னன். அரை மணித்தியாலம் சொன்னன். சூடைத் தண்ணிக்கும் மழைத் தண்ணிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை எண்டும் சொன்னன். மிஸி ஒரு சொல்லு இடையிலை கதைக்கேல்லை. வாய்க்காரியெல்லோ, அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்துது.

கடைசியாச் சொன்னா, "மனுவல் அண்ணை, எனக்கு அண்டைக்கே தெரியும்."

"அப்ப ஏன் மிஸி சொல்லேல்லை?"

"நீங்கள் என்ரை தராசுக்காகக் கடலுக்கை குதிச்சனீங்கள். நடுங்கி நடுங்கி அதைக் கொண்டுவந்து மடியிலை வைச்சனீங்கள். அந்த முகத்தைப் பாத்து என்னெண்டு சொல்லுறது? நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்தன். நீங்கள் சபைக்குப் பெட்டிசம் எழுதிக்கொண்டு திரிஞ்சனீங்கள்."

பாதை வெளிக்கிட்டிட்டுது போலை. சத்தம் கேக்குதோ? இல்லை, அது வேறை வள்ளம்.

தம்பி, நீங்கள் வழியிலை வந்த ஆள், இனிச் சந்திக்கப் போறேல்லை, சொல்லுறன். அண்டைக்கு மிஸியைத் தூக்கேக்கை நான் ஒரு கையை இறக்கத்திலை ஊண்டினனான். கை வழுக்கிச்சுது. மழைத் தண்ணி வழுக்கிறது ஒரு மாதிரி, பாசி வழுக்கிறது ஒரு மாதிரி, இது வேறை. இருவத்திரண்டு வருஷமா மீனுக்குள்ளை கிடக்கிற கை. அதுக்குத் தெரியாதோ? அந்த நிமிஷமே தெரிஞ்சுது. அதுக்குப் பிறகுதான் நான் கடுதாசி வாங்கினது. அதுக்குப் பிறகுதான் தகரம். அதுக்குப் பிறகுதான் எல்லாம். தெரிஞ்சுகொண்டுதான், பிறகும் தக்கையைக் கழட்டினனான். கழட்டாமல் விட்டால் சனம் ஏன் எண்டு கேக்குமெல்லே?

மிஸியிட்டை அதைச் சொன்னன். "பிழைதான் மிஸி," எண்டன். அவ தலையை ஆட்டினா. "எனக்குச் சொன்னது காணும். எலும்பு பொருந்தியிடும். பராசக்தி அக்காட்டைப் போய்ச் சொல்லுங்கோ," எண்டா. பிறகு பாரையைப் பாத்து, "அதை வெட்டித் தந்திட்டுப் போங்கோ, எனக்குக் கை ஏலாது," எண்டா. வெட்டிக் குடுத்தன்.

ஆனாலும் தம்பி, அவ அண்டைக்கு முன் பிறேக்கைப் பிடிச்சவதான். அதையும் சொல்லத்தான் வேணும். நான் கண்ணாலை கண்டனான்.

இப்ப நான் தண்ணியை அங்கை மீன் வாடிக் கொட்டிலுக்குப் பின்னாலை மணலிலை வடிய விட்டிட்டுத்தான் வாறது. ஞாயிற்றுக்கிழமையிலை பூசை முடிய நானே பிறஸ் போட்டு இறக்கத்தைத் தேய்க்கிறன். என்ரை விருப்பத்திலை. பிறஸ் கனகலிங்கத்தின்ரை, தேய்க்காட்டிப் பாதையிலை ஏத்தமாட்டன் எண்டும் அவன்தான் சொன்னவன், ஆனால் விருப்பம் என்ரை. மாரிக்குப் பாசி பிடிக்கிறதுதான், அதுக்குத்தான் உங்களை மறிச்சது. அது நான் ஊத்தினதில்லை, மேலை இருக்கிறவர் ஊத்தினது. அவருக்குப் பெட்டிசம் எழுத ஏலாது.

பராசக்தி அக்காட்டையோ? போனன். உடனை இல்லை. மாசி மாசம் வரை ஏதோ ஒரு சாட்டு இருந்துது. முதல் பிள்ளை ஆசுப்பத்திரியாலை வரட்டும் எண்டு நினைச்சன். பிறகு வந்து கொஞ்ச நாள் போகட்டும் எண்டு நினைச்சன். பிறகு மிஸி வேலைக்குத் திரும்பி, ஒருநாள் பாதையிலை வைச்சு என்னைப் பாத்தா. கேக்கேல்லை, சும்மா பாத்தா. அண்டைக்கு மீனை வித்து முடிச்சுப்போட்டுப் போனன்.

படலைக்கு வெளியிலை நிண்டு சொன்னன். ஹெல்மெற்றைக் கழட்டேல்லை. கழட்ட மறந்து போனன் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. "அக்கா, அந்த இறக்கத்தை அப்பிடி வைச்சிருந்தவன் நான்தான். சபை இல்லை. என்ரை மீன் தண்ணி."

அக்காவுக்கு முதல் விளங்கேல்லை. பிறகு விளங்கிச்சுது. தம்பி, எங்கடை கடற்கரையிலை நான் பேச்சுக் கேட்டு வளந்தவன். கரைவலை இழுக்கிற இடத்திலை வாற பேச்சுக்கு நாய் எழும்பிப் போகும். ஆனால் அந்தத் தோட்டக்கார மனுசி அண்டைக்குப் பேசின பேச்சு நான் கேட்டதில்லை. ஒழுங்கை முழுக்க வெளியிலை வந்து நிண்டு கேட்டுது. என்ரை வாடிக்கை வீடு முழுக்க. மண்ணும் அள்ளித் தூத்தினா, சொன்ன மாதிரியே. நெஞ்சிலை பட்டுது, ஹெல்மெற்றிலை பட்டுது. நான் அசையேல்லை. பெடியள் ஆரோ சிரிச்சாங்கள், அவங்களுக்கும் அவ நல்லாக் குடுத்தா.

அவவுக்கு மூச்சு வாங்கி நிக்கேக்கை, நிலாயினி உள்ளையிருந்து வந்தா. மெலிஞ்சு போனா. தோளிலை பிள்ளை. அது ஹெல்மெற்றைப் பாத்திட்டு வீல் எண்டு கத்தத் துவங்கிட்டுது.

"மாமா, அதைக் கழட்டுங்கோ. பிள்ளை பயப்பிடுது," எண்டா.

கழட்டினன். முகமெல்லாம் ஈரம். வேர்வை தம்பி. மாசி வெய்யில், உள்ளுக்கை பஞ்சு வேறை. சேட்டுக் கையாலை துடைச்சன். பிள்ளை அழுகையை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாத்துது. தலை ஒரு குரும்பை அளவுதான். கண் மட்டும் பெரிசு. என்ன செய்யிறதெண்டு தெரியாமல், "மூண்டு கிலோ நிக்கும் என்ன?" எண்டு கேட்டன். யாவாரிப் புத்தி.

"ரெண்டு எழுநூறு," எண்டா நிலாயினி. "மிஸி முந்தநாள் நிறுத்தவ."

அவ்வளவுதான் கதைச்சது. பராசக்தி அக்கா படலையைச் சாத்திப்போட்டா.

இண்டு வரைக்கும் அந்த வீட்டிலை என்னட்டை மீன் வாங்கிறேல்லை. நான் அந்த ஒழுங்கையாலை போறன்தான், அந்தப் படலை வர ஹோர்ன் அடிக்கிறேல்லை. அக்கா சட்டியையும் தூக்கிக்கொண்டு சந்தி மட்டும் நடந்துபோய், அங்கை நிக்கிற மற்ற யாவாரியிட்டை வாங்கிறா. அவன்ரை மீன் முதல்நாள் மீன் தம்பி. ஐஸிலை போட்டு வைச்சு வைச்சு விக்கிறவன். எனக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும்.

வாங்கட்டும்.